மடத்தம்மாவின் முதுகு

சிஸ்டர் எவுலாலியாவின் முகத்தைப் பார்த்தவர்களைவிட முதுகைப் பார்த்தவர்கள்தான் தென்காசியில் அதிகம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் அவரோடு இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த மருத்துவச்சி. பக்தி சேர்த்து எழுத எனக்கு வராது. நடந்ததை எழுத வரும்.

அவர் பிறந்தது உவரிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். வீட்டில் வைத்த பெயர் இன்னாசியம்மாள். அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அத்தை ஊருக்கெல்லாம் பிள்ளைப்பேறு பார்த்தவர். கல்யாணமாகாத பெண்ணைப் பிள்ளை பிறக்கும் அறைக்குள் விடுவது எங்கும் வழக்கமில்லை. ஆனால் அத்தைக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. கூட நின்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் இன்னாசியம்மாள் சின்ன வயதிலேயே அந்த வேலையைக் கற்றுக்கொண்டார். முதலில் கண்ணாக இருந்தார். அத்தைக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு கையாகவும் இருந்தார்.

மடத்தில் சேர்ந்தால் இதே வேலையை ஆண்டவருக்காகச் செய்யலாம் என்று நினைத்துத்தான் அவர் சேர்ந்தார். அங்கேதான் தப்பு நடந்தது. இந்த வேலை உண்டா என்று அவர் கேட்கவில்லை. கிடையாது என்று அவர்களும் சொல்லவில்லை. துறவற வார்த்தைப்பாடு எல்லாம் கொடுத்து முடித்த பிறகு விஷயம் தெரிந்தது.

அந்தக் காலத்தில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் பிரசவம் பார்க்கக் கூடாது. அது ரோமாபுரிச் சட்டம். சொறி சிரங்கு கழுவலாம், காலராக்காரன் வாந்தியை அள்ளலாம், செத்தவனைக் குளிப்பாட்டலாம். பிள்ளை பிறக்கிற அறைக்குள் மட்டும் நிற்கக் கூடாது. கற்பு வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்கு அது பொருந்தாது என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். அந்த யாரோ பிள்ளை பெற்றவர் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

1924-இல் அவரைத் தென்காசி மடத்துக்கு அனுப்பினார்கள். மடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓட்டு வீடு, சின்னக் கோயில், முன்பக்கம் இரண்டு பெஞ்சு போட்ட மருந்துச்சாலை. தலைவி மதர் கிளொத்தில்த் பிரெஞ்சுக்காரர். தமிழைப் புத்தகத்திலிருந்து படித்தவர். பால்காரனையும் “நீர்” என்றுதான் சொல்லுவார். சிஸ்டர் எவுலாலியா நேர்மாறு. கரையில் நின்று வள்ளத்தில் இருப்பவனைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. பூசையில் அவர் பாடினால் மற்றவர்கள் பாடுவது கேட்காது. வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று மதர் கேட்டுக்கொண்டார். சிஸ்டர் குளத்து மீனைச் சாப்பிடமாட்டார். சேறு தின்கிற மீன் என்பார். மலைச்சாரலைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்களை அவருக்குப் புரியவே இல்லை. துணி காயாத மழையில் என்ன அழகு என்று கேட்பார். நானும் அந்தக் கட்சிதான்.

அடுத்த வருஷம் மடத்துத் தோட்டக்காரரின் மகளுக்குப் பின்கட்டில் பிரசவம். பிள்ளை பிறந்துவிட்டது, இரத்தம் நிற்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கிழவிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. சிஸ்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போக மதரின் உத்தரவு வேண்டும். மதருக்குச் சட்டத்தை மீற உத்தரவு கொடுக்க அதிகாரமில்லை. மதர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் போய்விட்டாள். அடிவயிற்றில் கையை வைத்து அழுத்திப் பிசைந்திருந்தால் பிழைத்திருப்பாள். சிஸ்டருக்கு அது தெரியும். அன்றிலிருந்து அவருக்கு இருந்த ஆசை ஒன்றுதான்: அந்த வாசலைத் தாண்டி உள்ளே போக வேண்டும்.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் மதர் என்னை வேலைக்கு எடுத்தார். நான் மேலகரத்துக்காரி. பெயர் குழல்வாய்மொழி. புருஷன் தவறிய பிறகு பாளையங்கோட்டையில் மருத்துவச்சிப் படிப்பு முடித்திருந்தேன். நெற்றியில் திருநீறு பூசுவதைப் பற்றி மதர் ஒன்றும் கேட்கவில்லை. கையைத் திருப்பி நகத்தைப் பார்த்தார். நகம் சுத்தமாக இருந்தது. நாளைக்கே வாரும் என்றார்.

முதுகுக் கதை குற்றாலத்தில் ஆரம்பித்தது. 1927 சீசன். ஒவ்வொரு சீசனுக்கும் பேரருவிப் பக்கம் ஓலைக்கொட்டகை போட்டு மருந்துச்சாலையைக் கொஞ்சநாள் அங்கே வைத்துக்கொள்வோம். பாறையில் வழுக்கி விழுந்தவர், கண்ணில் எண்ணெய் போனவர், குரங்கு பிறாண்டியவர் என்று கூட்டம் நிற்கும். பஞ்சையும் குரங்குகள் விட்டுவைக்காது. கட்டுப்போடத் திரும்புவதற்குள் தூக்கிக்கொண்டு போய் மரத்தில் உட்கார்ந்து பிய்த்துப் போடும். குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெயும் சீயக்காயும் விற்கும் பரமசிவன் எங்களுக்கு அடுத்த கொட்டகை. அவர் மனைவி வடிவம்மாள் நிறைமாதம். அங்கேயே அவளுக்கு வலி வந்துவிட்டது.

நான் உள்ளே போய்ப் பார்த்தால், வெளியே தெரிவது கால். தலை இல்லை. கால் முன்னால் வரும் பிள்ளையைப் பாளையங்கோட்டையில் டாக்டரம்மா பார்க்க நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஓடிவந்து சிஸ்டரிடம் கேட்டேன். அவர் சொன்னார். திரும்ப ஓடினேன். உள்ளே போனதும் இன்னொரு சந்தேகம். மறுபடி வெளியே. சாரலில் நனைந்துகொண்டு நான் இப்படி ஓடுவதை மதர் பார்த்தார். அன்று அவரும் குற்றாலம் வந்திருந்தார்.

சிஸ்டர் அவர் பக்கம் திரும்பி, “மதர், நான் அந்தக் கொட்டகைகிட்டப் போகலாமா?” என்று கேட்டார்.

“அறைக்குள் இருக்கலாகாது. பார்க்கலாகாது. தொடலாகாது.”

“பேசலாமா?”

மதர் கொஞ்சநேரம் அருவியைப் பார்த்தார். சட்டத்தை மனதுக்குள் வரி வரியாகப் படித்துப் பார்த்திருப்பார். பிறகு, “பேசுவதைக் குறித்துச் சட்டம் ஒன்றும் கூறவில்லை. நீர் வெளியே, திரும்பி உட்காரும். கையில் ஜெபமாலை இருக்கட்டும்” என்றார்.

அப்படியே முக்காலியைக் கொண்டுபோய்க் கொட்டகை வாசலில் போட்டார்கள். சிஸ்டர் எங்களுக்கு முதுகைக் காட்டி, அருவியைப் பார்த்து உட்கார்ந்தார். மதர் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார், அவரும் முதுகைக் காட்டித்தான். நான் உள்ளேயிருந்து பார்த்ததைச் சொன்னேன். அருவிச் சத்தத்தில் எனக்குக் கேட்க வேண்டுமே என்று அவர் கடற்கரைக் குரலை எடுத்தார்.

“இழுக்காதட்டி குழலி. கையைக் கட்டிக்கிட்டு இரு. தொப்புள் தெரியட்டும்.”

தொப்புள் தெரிந்தது. சொன்னேன்.

“முதுகு மேல பாத்து இருக்கா? அப்பச் சரி. துணியைச் சுத்திப் பிடி. அவளை முக்கச் சொல்லு. நீ முக்காத.”

இப்படி ஒவ்வொன்றாக வந்தது. குளித்துவிட்டுத் துண்டோடு நின்ற ஆண்கள் முதல் இரண்டு வாக்கியத்தைக் கேட்டதும் ஆளுக்கொரு பக்கமாக நழுவிவிட்டார்கள். அன்று அந்த அருவியில் கொஞ்சநேரம் பெண்கள் மட்டும்தான் குளித்தார்கள். உடம்பு வந்து தலை மட்டும் உள்ளே நிற்கிற இடத்தில் நான் பயந்தேன். உடம்பை மேலே தூக்கி அம்மா வயிற்றுப் பக்கம் கொண்டுபோகச் சொன்னார் சிஸ்டர். வந்துவிட்டது. ஆண் பிள்ளை. நல்ல கோபக்காரப் பிள்ளை. அழுகையைக் கேட்டதும் மதர் குடையைக் கீழே போட்டுவிட்டார்.

இங்கேதான் பரமசிவன் தன் வேலையைக் காட்டினார். எண்ணெய் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் கதையைச் சொன்னார். அந்தக் கதையில் நான் இல்லை. தொப்புள் இல்லை, துணி இல்லை. மடத்தம்மா வந்து வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார், கால் வந்த பிள்ளை பிழைத்தது, இவ்வளவுதான். சீசன் முடிந்து நாங்கள் தென்காசிக்குத் திரும்பும் முன்னாலேயே கதை வந்து சேர்ந்திருந்தது.

அப்புறம் வேலை அதே முறையில் நடந்தது. எந்த வீட்டில் வலி என்றாலும் நாங்கள் இருவரும் போவோம். நான் உள்ளே, அவர் தெருவில். முறை நல்ல முறைதான். நான் பார்த்ததைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்ததால் கவனமாகப் பார்த்தேன். அவர் சொல்வதை உள்ளே கிடக்கிற பெண்ணும் கேட்பாள். என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். ஆனால் ஊர்ப் பெண்கள் இதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை. பலன் முதுகில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார்கள். நாங்கள் போவதற்கு முன்பே வாசலில் முக்காலி தயாராக இருக்கும். யாரும் பின்னாலிருந்து அவரைக் கூப்பிடக் கூடாது. தவறிப்போய்த் திரும்பிவிட்டால் வயிற்றில் பிள்ளையும் திரும்பிவிடுமாம். ஒரு வீட்டில் அவர் தும்மியதற்கே மாமியார்க்காரி ஓடிவந்து, எந்தப் பக்கம் பார்த்துத் தும்மினீர்கள் என்று கேட்டாள். இந்துத் தெருவிலும் இதே பேச்சுதான், தறி நெய்கிற முஸ்லிம் தெருவிலும் இதே பேச்சுதான். வேறு எதிலும் அவ்வளவு ஒற்றுமையை நான் பார்த்ததில்லை.

சிஸ்டர் சொல்லிப் பார்த்தார். இது மந்திரம் இல்லை, எங்கள் சபைச் சட்டம் என்றார். சட்டமாக எழுதிவைத்திருக்கிறார்கள் என்றால் பலன் இல்லாமலா எழுதுவார்கள் என்று கேட்டார்கள்.

இலத்தூரில் ஒருவர் தன் எருமைக்கு முதுகு காட்ட வரவேண்டும் என்று வண்டி கட்டிக்கொண்டு வந்தார். எருமையைப் பற்றி ரோமாபுரி ஒன்றும் சொல்லவில்லை என்று சிஸ்டர் சந்தோஷமாகக் கிளம்பினார். நேரே தொழுவத்துக்குள் போய், கையை முழங்கைவரை விட்டு, கன்றை எடுத்துப் போட்டுவிட்டு வந்தார். திரும்பும்போது வண்டியில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார். எருமைக்கு முகம், மனுஷிக்கு முதுகு என்று ஊரில் பேச்சு மாறியதுதான் மிச்சம்.

வெளியில் சிரித்தாலும் அவருக்கு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தை என் வாய் வழியாகப் பார்க்க வேண்டியிருந்தது. என் வாய் தப்பாகச் சொன்னால் அவர் யோசனையும் தப்பாகும். இரண்டு முறை அப்படி ஆனது. பெரிய கேடு வரவில்லை, ஆனால் வந்திருக்கலாம்.

1936-இல் ரோமாபுரி சட்டத்தை மாற்றியது. தக்க படிப்பு இருந்தால் கன்னியாஸ்திரிகளும் பிரசவம் பார்க்கலாம். செய்தி வந்ததும் மதர் ஆபீஸ் அறையிலிருந்து மருந்துச்சாலைக்கு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். சிஸ்டர் கேட்டுக்கொண்டார். போய்ச் சோப்புப் போட்டு முழங்கைவரை கையைக் கழுவினார். அன்று பிரசவம் எதுவும் இல்லை.

படிப்புக்காக அவரைச் சென்னைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கூடப் படித்த பெண்கள் அவர் வயதில் பாதிகூட இல்லை. அவரை ஆச்சி என்று கூப்பிட்டார்களாம். அத்தையிடம் படித்ததில் எது சரி, எது தப்பு என்று அங்கே தெரிந்துகொண்டார். தெரியாதது நிறையவும் கற்றுக்கொண்டார். சர்டிபிகேட்டோடு 1938-இல் திரும்பி வந்தார்.

வந்ததும் முதல் பிரசவம் கீழப்பாவூர் ரோட்டில் ரெங்கம்மாள் என்கிற மாமியார்க்காரியின் வீடு. வாசலில் முக்காலி கிடந்தது. சிஸ்டர் அதைத் தாண்டி நடந்தார். ரெங்கம்மாள் நிலைப்படியில் வந்து நின்றுகொண்டாள். உள்ளே வரக்கூடாது என்றாள். இனிமேல் நான் வரலாம், ரோமாபுரியில் உத்தரவு கொடுத்துவிட்டார்கள் என்று சிஸ்டர் விளக்கினார்.

ரெங்கம்மாள் சொன்னாள்: “ரோமாபுரி உத்தரவு ரோமாபுரிப் பிள்ளைக்கு. இது தென்காசிப் பிள்ளைல்லா. நீங்க பேசாம திரும்பி உக்காருங்க.”

உட்கார்ந்தார். வேறு என்ன செய்வது? வலியில் கிடக்கிறவளின் வாசலில் நின்று வாதாட முடியாது. பிள்ளை சுகமாகப் பிறந்தது. ரெங்கம்மாளுக்கு அது போதும். அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும். வருஷம் ஒன்றாகப் போகிறது, சர்டிபிகேட் வாங்கிய மருத்துவச்சி தெருவில் உட்கார்ந்திருக்கிறார். “நீர் இன்னும் வெளியில்தான் உட்காருகிறீரா?” என்று மதர் கேட்பார். “நீங்கதான உக்காரச் சொன்னிய” என்பார் சிஸ்டர். அந்த நாட்களில் அவருக்குக் கோபம் சீக்கிரம் வந்தது. விளக்கெண்ணெயை அளவு தெரியாமல் கொடுத்தேன் என்று என்னோடு ஒருவாரம் பேசவில்லை. அளவு சரிதான்.

இப்படியே போயிருக்கும். ஹாஜரா பீவியின் பிரசவம் இல்லாவிட்டால் போயிருக்கும்.

ஹாஜரா, நெசவுக்காரர் மூசாவின் மனைவி. அவளுக்கு ஏற்கெனவே மூன்று ஆண் பிள்ளைகள். மூன்றும் சிஸ்டரின் முதுகுக்குப் பின்னால் என் கையில் பிறந்தவை. அதனால் அவள் மாமியார் சைதூன் பீவிக்கு அந்த முதுகில் அசையாத நம்பிக்கை. நாலாவதற்குக் கூப்பிட்டபோது ஆடி மாதம், மத்தியானம். சாரல் தெருவரைக்கும் வந்துகொண்டிருந்தது. முக்காலிக்கு மேலே சாக்கைக் கட்டிக் கூரையும் போட்டுவைத்திருந்தாள் சைதூன்.

நான் உள்ளே போய் வயிற்றில் கை வைத்தேன். அடியில் தலை இருக்க வேண்டும். அங்கே ஒன்றும் இல்லை. இடது விலாப் பக்கம் உருண்டையாகத் தலை. வலது பக்கம் புட்டம். பிள்ளை குறுக்கே கிடந்தது. பல பிள்ளை பெற்ற வயிறு தளர்ந்திருக்கும்; அதில் இப்படி ஆவதுண்டு. நீர்க்குடம் இன்னும் உடையவில்லை. உடைந்தால் முதலில் கை வெளியே விழும். அதன்பிறகு பிள்ளை இல்லை. தாயும் பெரும்பாலும் இல்லை. திருநெல்வேலி ரயில் சாயங்காலம்தான். ஊர் ஆஸ்பத்திரியில் அன்று இருந்தது ஆண் டாக்டர். அவரை அந்த வீட்டுக்குள் விடமாட்டார்கள், அவரிடம் இவளையும் அனுப்பமாட்டார்கள்.

பார்த்ததை வெளியே கேட்கச் சொன்னேன். பதில் வரவில்லை. அந்தக் குரலிலிருந்து பதில் வராமல் போனது அதுதான் முதல்தடவை. குறுக்கே கிடக்கும் பிள்ளையை வெளியிலிருந்தே வயிற்றின்மேல் கை வைத்துத் திருப்பும் முறை ஒன்று இருக்கிறது. அதை அவர் சென்னையில் படித்திருந்தார். நான் படிக்கவில்லை. அது சொல்லி வராது. எவ்வளவு அழுத்துவது, எப்போது விடுவது என்பது விரலுக்குத்தான் தெரியும்.

முக்காலி நகரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சைதூன் பீவி இரண்டு கையையும் நிலையில் ஊன்றி வாசலை அடைத்து நின்றிருந்தாள். தெருவைப் பார்த்து, வீட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கும் சிஸ்டரிடம், திரும்பாதிய, திரும்பாதிய என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் கெட்டவள் இல்லை. மருமகள் மேல் பிரியம் உள்ளவள். பயம்தான் அப்படி நிற்க வைத்தது. தறிக்குழியிலிருந்து மூசா எழுந்துவந்து, “உம்மா, அவங்க போகட்டும்” என்றார். நீ போலே என்று அவள் ஒரு சத்தம் போட்டதில் மூசா திரும்பவும் தறிக்குழியில் இறங்கிவிட்டார்.

சிஸ்டர் இந்தத் தடவை ரோமாபுரியைப் பற்றிப் பேசவில்லை. சர்டிபிகேட்டைப் பற்றியும் பேசவில்லை. திரும்பாமலே, தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“சைதூன் பீவி, நான் திரும்புனா வயித்துல பிள்ளை திரும்பிரும்னுதான பயப்படுதிய?”

“ஆமா.”

“குழலி சொன்னது கேட்டுச்சா? பிள்ளை இப்பக் குறுக்க கெடக்கு.”

“கேட்டுச்சு.”

“குறுக்க கெடந்தா எப்படி வரும்? வராதுல்லா. அது தலைகீழாத் திரும்பணும்.”

“திரும்பணும்தான்.”

“அப்ப நான் திரும்ப வேண்டாமா?”

சைதூன் பீவி தெருவில் கூடியிருந்த பெண்களைப் பார்த்தாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கேள்வியில் யாருக்கும் ஓட்டை தெரியவில்லை. நானே ஒரு நிமிஷம் நம்பினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவு உள்ளேயிருந்துதான் வந்தது. ஹாஜரா ஒரு வலி முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். “மாமி, அவங்க திரும்பட்டும் மாமி. கெடக்கது என் வயித்துலதான? நான் சொல்லுதேன், திரும்பட்டும்” என்றாள்.

சைதூன் நிலையிலிருந்து கையை எடுத்தாள். சிஸ்டர் திரும்பினார்.

உள்ளே வந்து கையைக் கழுவி, சூடாகத் தேய்த்துக்கொண்டு பாயில் மண்டியிட்டார். ஒரு கை தலையில், ஒரு கை புட்டத்தில். வலி வரும்போது கையை அசைக்காமல் வைத்திருந்தார். வலி விட்டதும் தலையைக் கீழ்ப்பக்கம், புட்டத்தை மேல்பக்கம், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு தடவை பாதி வந்து, பழையபடியே போய்விட்டது. சிஸ்டர் அவசரப்படவில்லை. ஹாஜராவிடம், உன் பிள்ளைக்குப் பிடிவாதம், அப்படியே உன் மாமியாரைக் கொண்டிருக்கிறது என்றார். ஹாஜரா சிரித்தாள். சிரித்ததில் வயிறு தளர்ந்தது. அந்தச் சமயம் பார்த்து அவர் தள்ளினார். வயிற்றின் உருவமே மாறுவதை நான் கண்ணால் பார்த்தேன். அகலமாகக் கிடந்தது நீளமாக ஆனது. வலைக்குள் கிடக்கும் பெரிய மீனைத் திருப்புவது மாதிரிதான் என்று பிறகு சொன்னார். மீனை வைத்துச் சொல்லாவிட்டால் அவருக்கு எதுவும் விளங்காது.

திரும்பவும் நகராமல் இருக்க இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி வைத்துக் கட்டினோம். பிறகு நீர்க்குடம் உடைந்தது. தலை வந்தது. பெண் பிள்ளை. பள்ளிவாசலில் சாயங்காலப் பாங்கு சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிள்ளையைக் கையில் வாங்கியதும் சிஸ்டர், “தொப்புளைக் கட்டுட்டி” என்று போட்டார் ஒரு சத்தம். இத்தனை வருஷம் சுவர் தாண்டிச் சொல்லிப் பழகிய குரல். அந்தச் சின்ன அறைக்குள் அது இடி மாதிரி விழுந்தது. பிள்ளை திடுக்கிட்டுக் கையை விரித்தது. தெருவில் நின்றவர்களும் திடுக்கிட்டிருப்பார்கள். பக்கத்தில்தான் இருக்கிறேன், மெதுவாகச் சொல்லுங்கள் என்றேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஹாஜரா படுத்தபடியே அவரை உற்றுப் பார்த்தாள். மூன்று பிள்ளை பெற்றும் உங்கள் முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை என்றாள். பார்த்து என்ன ஆகப்போகிறது, பாலைக் கொடு என்றார் சிஸ்டர்.

விஷயம் அன்றைக்கே தெருத்தெருவாகப் போய்விட்டது. ஆனால் நாங்கள் எதிர்பார்த்தபடி போகவில்லை. மடத்தம்மா உள்ளே போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. சைதூன் பீவி புதிதாக ஒரு சட்டம் போட்டு அனுப்பியிருந்தாள்: பிள்ளை நேராகக் கிடந்தால் மடத்தம்மா முதுகைக் காட்ட வேண்டும், கோணலாகக் கிடந்தால் முகத்தைக் காட்ட வேண்டும்.

மதர் வேறு கூப்பிட்டு விசாரித்தார். மூடநம்பிக்கையை நீர் ஆதரித்ததாகக் கேள்விப்பட்டேன் என்றார். நான் எதையும் ஆதரிக்கவில்லை, கேள்விதான் கேட்டேன், பதிலெல்லாம் அவர்கள் சொன்னது என்றார் சிஸ்டர். மதர் குற்றாலத்தில் அருவியைப் பார்த்த மாதிரியே ஜன்னலைப் பார்த்துவிட்டு, அப்படியானால் சரி என்றார்.

அடுத்ததாக மறுபடி ரெங்கம்மாள் வீடு, இளைய மருமகளுக்கு. வாசலில் முக்காலி. ரெங்கம்மாள் வழியை மறித்துக்கொண்டு, முதலில் என்னை உள்ளே அனுப்பிப் பார்த்துவரச் சொன்னாள். பார்த்தேன். தலை கீழே, எல்லாம் ஒழுங்காக இருந்தது. வெளியே வந்தேன்.

“பிள்ளை எப்படிக் கெடக்கு? நேராத்தான?” என்று கேட்டாள் ரெங்கம்மாள்.

நான் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், “முதுகு எந்தப் பக்கம்னு சொல்லுட்டி” என்றார்.

“இடது பக்கம்.”

“இடது பக்கமாச் சாஞ்சிருக்கு” என்று ரெங்கம்மாளிடம் சொன்னார் சிஸ்டர்.

“சாஞ்சா கெடக்கு?”

“சாஞ்சுதான் கெடக்கு.”

ரெங்கம்மாள் உடனே விலகி, தானே முக்காலியை எடுத்து ஓரமாகப் போட்டாள். சிஸ்டர் உள்ளே போனார்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. தாய் வயிற்றில் எந்தப் பிள்ளையும் நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடக்காது. முதுகு இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்ந்துதான் இருக்கும். படித்த மருத்துவச்சி யாரைக் கேட்டாலும் சொல்லுவாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வீட்டிலும் கேள்வி வரும், ஒவ்வொரு வீட்டிலும் இதே பதில். கொஞ்சநாளில் மதருக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாப்பாட்டு அறையில் எல்லார் முன்னாலும், “தென்காசியில் நேராகக் கிடக்கும் பிள்ளை ஒன்றுகூட இல்லையா?” என்று கேட்டார்.

“பிரான்ஸ்லயும் கெடையாது மதர்” என்றார் சிஸ்டர், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

1948-இல் அவரைக் கடற்கரைப் பக்கம் மாற்றினார்கள். மீன் கிடைக்கும் என்று சந்தோஷமாகத்தான் போனார். அதுவரைக்கும் தென்காசியில் சாயாத பிள்ளை ஒன்றும் பிறக்கவில்லை.